ஒரு பெட்டிக்கு நாலு பல்பு

அக்கா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தபோது நான் ஈ எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பஸில் எனக்கு அப்போது இரண்டாம் வருடம். மரபியல் செயன்முறை வகுப்பு. சின்னக் கண்ணாடிப் போத்தலில் வளர்த்த பழ ஈக்களுக்கு மயக்க மருந்து காட்டி, வெள்ளைத் தாளில் கொட்டி, அவை எழும்புவதற்குள் நீளச் சிறகு ஒரு பக்கம், சுருங்கிக் குறண்டிய சிறகு ஒரு பக்கம் என்று தூரிகை முனையால் ஒதுக்க வேண்டும். மாடு, கோழி, பால் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு விலங்கு விஞ்ஞானம் படிக்க வந்தவர்களை இப்படி ஈ எண்ண வைத்துவிட்டார்களே என்று ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. தெல்தோட்டையிலிருந்து அம்மா. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தால், என் ஈக்களில் பாதி மயக்கம் தெளிந்து பறந்துவிட்டிருந்தன.

அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

அக்காவின் புருஷன் எங்கள் தாய்மாமாவின் மூத்த மகன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இப்படிக் கட்டிக்கொடுப்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்; வெளியில் கொடுத்தால்தான் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ பிடித்துத் தள்ளிய கல்யாணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். மச்சானுக்குப் பிலிமத்தலாவையில் மின்சாரச் சாமான் கடையொன்றில் வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தார்கள். மகன் பிறந்தான். தவழ வேண்டிய வயதில் பிள்ளை வெளிறிப்போய், வயிறு மட்டும் பருத்து, பால் குடிக்கக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தான். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தலசீமியா என்றார்கள். அவன் உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தை ஒழுங்காக உண்டாக்காது. மாதாமாதம் அடுத்தவர் இரத்தத்தை ஏற்ற வேண்டும். அந்த இரத்தத்தோடு உடம்பில் சேருகிற இரும்பை வெளியே எடுப்பதற்கு மருந்து வேறு. வாழ்நாள் முழுக்க இப்படித்தான்.

டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் எடுத்துச் சொன்னார். புருஷனிடம் குறையில் ஒரு பாதி, பெண்சாதியிடம் ஒரு பாதி. பாதியை மட்டும் வைத்திருப்பவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள், இருப்பது தெரியக்கூடத் தெரியாது. இரண்டு பாதியும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நோய். அப்படிச் சேருவதற்கு, பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், நாலில் ஒரு வாய்ப்பு. இவ்வளவும் ஆஸ்பத்திரியில் சொல்லப்பட்டது. பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தது ‘நாலுல ஒன்னு’ மட்டும்தான்.

அந்த வாரக் கடைசியில் நான் பிலிமத்தலாவைக்குப் போனேன். ஹொஸ்டலிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். மச்சான் என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் கம்பஸ் போனதிலிருந்து எனக்கு இந்த மரியாதை. அக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். மகன் என் மடியில் ஏறிக்கொண்டான். அந்த வருடம்தான் நேர்சரிக்குப் போகத் தொடங்கியிருந்தான், கண்ணில் படுகிற இலக்கத்தையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தான். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் மச்சானே ஆரம்பித்துவிட்டார்.

“கொழுந்தியா, நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. கடைக்கு பல்பு வருது. ஒரு பெட்டிக்கு நாலு. நாலுல ஒன்னு பழுதா இருக்கும்னு கொடுக்கிறவனே சொல்லித்தான் கொடுக்கிறான்னு வச்சுக்க. மொதல்ல எடுத்ததே பழுதாப் போச்சு. அப்ப மிச்சம்?”

நான் மகனை மடியில் நகர்த்தி உட்காரவைத்தேன்.

“மிச்சம் மூணும் எரியும்,” என்றார், எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பவர்போல. “எங்க கஷ்டம் மொதல்லயே வந்து முடிஞ்சிருச்சு.”

அந்தக் கணக்கில் எங்கே கைவைப்பது என்று எனக்கு உடனே தெரியவில்லை, அவ்வளவு ஒழுங்காக இருந்தது. தெல்தோட்டையில் அம்மாவும் மாமாவும் அத்தையும்கூட இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மச்சான் பல்புப் பெட்டியைப் போனிலேயே எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தார்.

“இது ஒரே பெட்டி இல்ல மச்சான்,” என்றேன். “ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு புதுப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் நாலுல ஒன்னு பழுது. அதுலேர்ந்து கண்ண மூடிக்கிட்டு ஒன்னே ஒன்ன எடுக்கணும். மிச்சத்தப் பெட்டியோட வீசிறணும்.”

அப்படிச் சாமான் வாங்கினால் எந்த முதலாளி கடை நடத்துவார் என்று மச்சான் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாத்தியார் வேலை பார்க்கத் தொடங்கிவிடுவேன். அவரிடமே இரண்டு ஐந்து ரூபாய்க் காசுக் குற்றிகளை வாங்கி மேசையில் வைத்தேன். இது நீங்கள், இது அக்கா. எண் இருக்கிற பக்கம் குறை, சின்னம் இருக்கிற பக்கம் நல்லது. இரண்டையும் சேர்த்துச் சுண்டுவேன். இரண்டிலும் எண் விழுந்தால் நோய்ப் பிள்ளை. ஒரு தடவை அப்படி விழுந்தது என்பதற்காக அடுத்த தடவை விழாமல் இருக்கப்போவதில்லை, காசுக்குப் பழசு ஞாபகம் இருக்காது, பாருங்கள் என்று சுண்டினேன்.

இரண்டும் சின்னம். மறுபடி சுண்டினேன். ஒன்று எண், ஒன்று சின்னம். மறுபடி. மறுபடி. அந்தப் பாழாய்ப்போன காசுகள் எனக்கென்றே இரண்டும் சேர்ந்து எண்ணைக் காட்ட மாட்டேன் என்றன. ஒவ்வொரு முறையும் மச்சானின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வந்தது. நானோ, எண் விழு, எண் விழு என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் அக்காவுக்கு நோய்ப் பிள்ளை விழ வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே உறைத்தபோது கை நின்றுவிட்டது.

“சித்தி, நான்,” என்று மகன் காசுகளைப் பிடுங்கிக்கொண்டான். அவனுக்குச் சுண்டத் தெரியாது, மேலே எறிந்தான். ஒன்று மேசையில் விழுந்தது, ஒன்று சீமெந்துத் தரையில் உருண்டுபோய் அலுமாரிக்குக் கீழே படுத்தது. அவன் குப்புறப் படுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து மேசையைப் பார்த்தான்.

“அஞ்சு! அஞ்சு!” என்று கைதட்டினான்.

அக்கா எழுந்து தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். குடித்த கோப்பைகள் இன்னும் மேசையில் சூடாகவே இருந்தன. மச்சான் அலுமாரிக்குக் கீழே கையை விட்டுக் காசை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளை எறிந்தது கணக்கில்லை என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்து என்ன பிரயோசனம்? பிள்ளை ஏற்கெனவே வயிற்றில் இருக்கிறது. விழ வேண்டியது விழுந்தாயிற்று, அலுமாரிக்குக் கீழே கிடக்கிறது, யாரும் குனிந்து பார்க்க முடியாது. அக்காவிடம் தனியாகப் பேசலாம் என்று நினைத்து வாயைத் திறந்தால், அவள் உடனே ஹொஸ்டல் சாப்பாடு பற்றிக் கேட்பாள். அவளுக்கு இதெல்லாம் விளங்காது, விளங்காமல் இருப்பதே நல்லது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

கம்பஸில் பாடங்கள் என்னை விட்டபாடில்லை. ஈ எண்ணி முடித்தபோது என் போத்தலில் கணக்குக் கோணலாக இருந்தது. மூன்றுக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் குறண்டிய சிறகு அளவுக்கு மிஞ்சி நின்றது. ஈயைப் பறக்கவிட்டதால் வந்த வினை என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து மேசைக்காரியுடையது வேறு மாதிரிக் கோணல். அவள் போத்தலில் குறண்டியது ஒன்றுகூட இல்லை. விரிவுரையாளர் எல்லோருடைய எண்ணிக்கையையும் பலகையில் எழுதிக் கூட்டினார். கூட்டியதும் விகிதம் அழகாக வந்து உட்கார்ந்தது. தனியொரு போத்தலில் விகிதத்தைத் தேடாதீர்கள், கூட்டத்தில் தேடுங்கள் என்றார். வகுப்பு தலையாட்டிக் குறித்துக்கொண்டது. பிலிமத்தலாவையில் இரண்டு அறைக்குள் இருப்பது ஒரே ஒரு போத்தல், அதை யாரோடு கூட்டுவது என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு நாள் காளைகளைப் பற்றிப் பாடம். பார்வைக்கு நல்ல காளையாக இருக்கும், ஆனால் கன்றுக்கு வரக்கூடிய குறையொன்றை மறைத்து வைத்திருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது? கண்டுபிடித்தால் மந்தையிலிருந்து கழித்துவிட வேண்டும், அதன் தாய் தகப்பனையும் கூடப்பிறந்தவற்றையும் சந்தேகத்தில் வைக்க வேண்டும். விரிவுரையாளர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், மாட்டுக்கு அதுதான் முறை. என் பேனா மட்டும் அந்த வரியில் நின்றுவிட்டது. முதலாம் வருடத்திலேயே நான் இரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருந்தேன். என்னிடமும் ஒரு பாதி இருக்கிறது. பக்கத்திலிருந்தவள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சிரித்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

நுண்ணுயிரியலில் நடந்ததுதான் மிகவும் மோசம். பக்டீரியா வளர்ப்பதற்கு இரத்தம் கலந்த ஊடகம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த கூழைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆட்டு இரத்தத்தை விட்டு மெதுவாகச் சுழற்ற வேண்டும், நுரைக்கக்கூடாது. பிறகு தட்டுகளில் ஊற்றினால் செக்கச்செவேலென்று ஜெலிபோலக் கட்டியாகும். அன்று காலையில்தான் அக்கா போன் பண்ணியிருந்தாள். மகனுக்கு ஒத்துவருகிற இரத்தம் வந்து சேரவில்லையாம், இரண்டு நாள் கழித்துக் கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், பிள்ளை பஸ்ஸில் மடியிலேயே தூங்கிவிட்டானாம். நான் தட்டுக்கு மேல் தட்டாக இரத்தத்தை ஊற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். கிருமி சாப்பிடுவதற்கு. ஆட்டு இரத்தம் பிள்ளைக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். தெரிந்தும் அந்த அடுக்கை அப்படியே தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. தள்ளவில்லை. கைகளைக் கழுவிவிட்டு, தட்டுகளில் ஒழுங்காகத் திகதி எழுதினேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் மரபியல் விரிவுரையாளரிடமே போனேன். அவர் சிங்களப் பெண்மணி, என் அம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவர். பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். வயிற்றில் இருக்கும்போதே சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது என்றார். ஆனால் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்தால் பிறகு என்ன செய்வீர்கள்? இந்த நாட்டுச் சட்டம் அதற்கு மேல் ஒன்றும் செய்யவிடாது. பிறக்கும்வரைக்கும் தெரிந்துகொண்டு சுமப்பதா, தெரியாமல் சுமப்பதா, அதைத்தான் அக்கா தெரிவு செய்யலாம். இவ்வளவு படித்தவர் மேசையிலிருந்த பேனாவை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருக்குமா? குறையை மறைத்து வைத்திருக்கும் காளைக்கும் பசுவுக்கும் பிறந்த முதல் கன்று குறையுள்ளது. அடுத்த கன்றும் குறையுள்ளதாக இருப்பதற்கான வாய்ப்பு என்ன? நாலில் ஒன்று என்று எழுதிவிட்டு மண்டபத்துச் சன்னலால் ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உச்சி முழுக்க முகில். பிறகு விடைத்தாள்களைப் பற்றிப் பேசும்போது, வகுப்பில் நிறையப் பேர் அந்தக் கேள்வியில் வழுக்கி விழுந்திருப்பதாக விரிவுரையாளர் சொன்னார். முதல் கன்றுக்கு வந்துவிட்டபடியால் அடுத்ததற்கு வாய்ப்புக் குறைவு என்று எழுதியிருக்கிறார்களாம். எனக்கு மச்சானின் மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. அவர் கடையில் பல்பு விற்கிறவர். இவர்கள் உயர்தரப் பரீட்சையில் வெட்டி விழுத்திக் கம்பஸ் வந்தவர்கள்.

எனக்கு அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி. சரியான விடை கையில் இருந்தும் அதை வைத்து ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது என்பதை அதுவரை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. இதுவும் ஆண். நல்ல எடை, நல்ல நிறம், ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது. மச்சான் எல்லோருக்கும் போன் பண்ணினார். மூத்தவனும் பிறக்கும்போது இப்படித்தான் இருந்தான் என்று எனக்கு நினைவிருந்தது. சில மாதங்கள் போனபிறகுதான் இரத்தத்தில் தெளிவாகத் தெரியும் என்றார்கள். அந்த மாதங்களில் நான் போகும்போதெல்லாம் பிள்ளையைக் கொஞ்சுகிற சாக்கில் கீழ் இமையை இழுத்து உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன், வயிற்றில் கை வைத்து மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று அமர்த்துவேன். மந்தையில் கன்று பார்க்கக் கற்றுக்கொண்ட அதே கை. பிள்ளை என்னைக் கண்டாலே அழத் தொடங்கியது. சித்தியைப் பிடிக்கவில்லை என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

சோதனை முடிவு வந்த அன்று நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பிள்ளைக்கு நோய் இல்லை. ஒரு பாதி மட்டும் இருக்கிறது, என்னைப்போல, அக்காவைப்போல, மச்சானைப்போல. சுகமாக இருப்பான். நான் வார்ட்டுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

அன்று பின்னேரமே வீட்டில் கூட்டம். தெல்தோட்டையிலிருந்து அம்மாவும் மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மச்சான் பெரிய பெட்டியில் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு வாய் நிற்கவில்லை.

“பாத்தியா கொழுந்தியா? நான் சொன்ன கணக்கா, நீ சொன்ன கணக்கா? ஒன்னு பழுது, ஒன்னு நல்லது. பெட்டியில இன்னும் ரெண்டு நல்லது இருக்கு.”

அடுத்தது பெண்ணாக இருந்தால் நல்லது என்றாள் அம்மா. அத்தை அந்தப் பெண்ணுக்குக் காது குத்துவதுவரைக்கும் போய்விட்டாள். மூத்தவன் இரண்டு கையிலும் லட்டு வைத்துக்கொண்டு, மஞ்சள் பூத்த கண்களோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். நல்லது நடந்ததால் பிழையான கணக்கு சரியென்றாகிவிட்டது. இனிமேல் நான் காசு சுண்டினாலும் சரி, கரும்பலகை கொண்டுவந்து வைத்தாலும் சரி, யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை என்று அவர்கள் பேசப் பேச என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து குசினிக்குள் போனேன்.

அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அக்கா, மச்சான் சொல்றத நம்பாத, அடுத்த புள்ளைக்கும் அதே நாலுல ஒன்னுதான் என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன்.

அவள் குழாயை நிறுத்தினாள். ஈரக் கையால் என் விரலைப் பிடித்துத் தன் இடது மேற்கையின் உட்பக்கம், சட்டைக் கைக்குச் சற்று உள்ளே, வைத்து அமர்த்தினாள். தோலுக்குக் கீழே தீக்குச்சிபோல இரண்டு மெல்லிய குச்சிகள் தட்டுப்பட்டன. பிள்ளை தங்காமல் இருப்பதற்குக் கிளினிக்கில் வைத்துவிடுவது. எனக்குப் பாடத்தில் வந்திருக்கிறது.

“இவருக்குத் தெரியாது,” என்றாள். “நீ அன்னைக்குக் காசு சுண்டும்போதே எனக்கு வெளங்கிருச்சுடி. அதுக்கு முன்னயே தெரியும், ஆஸ்பத்திரியில மிஸ்ஸி தமிழ்ல எடுத்துச் சொன்னப்பவே. ஒவ்வொரு புள்ளைக்கும்னுதான் அவங்க சொன்னாங்க. நானும் அங்கதான இருந்தேன்.”

பிறகு ஏன் என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

“ஆசையா இருந்துச்சு,” என்றாள். கொஞ்ச நேரம் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பெட்டிக் கணக்க வச்சுக்கிட்டுத்தான் அவரு மாசாமாசம் வார்ட்டுக்குப் போய் வர்றாரு. அத ஒடைக்காத. இனிமே ஒன்னும் தங்காது.”

அத்தனை மாதங்களும் இது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் மட்டும்தான் சுமக்கிறேன் என்று ஹொஸ்டல் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, பிள்ளையையும் சுமந்துகொண்டு, எனக்கு ஹொஸ்டல் சாப்பாடு சரியில்லையோ என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மச்சான் லட்டுப் பெட்டியோடு குசினி வாசலில் வந்து நின்றார். அக்கா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

“என்ன கொழுந்தியா, இன்னும் ஒத்துக்க மனசு வரலியா?” என்றார். “நான் சொன்னது சரிதானே?”

“சரிதான் மச்சான்,” என்று சொல்லிவிட்டு ஒரு லட்டை எடுத்துக்கொண்டேன்.